மிளகுக்கு எந்த ஊர்ச் சட்டம்?

கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் இன்று பழம்பொருள் கடைகளே அதிகம். அதே தெருவில்தான் 1957இல் மிளகுக்கான முன்பேர வணிகம் தொடங்கியது. 1997இல் பன்னாட்டு முன்பேர ஒப்பந்தமும் அங்கிருந்து நடத்தப்பட்டது. தரகர்கள் கூவி விலை பேசிய கூடம் ஓய்ந்துவிட்டது; மிளகு ஓயவில்லை. பஜார் சாலைப் பண்டகசாலைகளில் வயநாட்டு மிளகும் இடுக்கி மிளகும் கொழும்பிலிருந்து கப்பலேறி வந்த மிளகும் சாக்குச் சாக்காக ஏறி இறங்குகின்றன. பழகிய வியாபாரி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தாலே எந்தப் பக்கத்து மிளகு என்று ஊகித்துவிடுவார். சுங்க அதிகாரிக்கு அந்த வசதி கிடையாது. அவர் முன்னால் இருப்பது தாள்.

அந்தத் தாளில் மிளகின் பிறந்த ஊராக எது எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வரிக்கு வரி மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. 2019 முடிவில் இருந்த நிலையைச் சொல்கிறேன். ஒப்பந்தச் சலுகை எதுவும் இல்லாமல் வரும் மிளகுக்குச் சுங்கவரி 70 விழுக்காடு. வியட்நாமிலிருந்து ஆசியான் ஒப்பந்தத்தின் வழியே வந்தால் ஏறத்தாழ 50. இலங்கையிலிருந்து, சாஃப்டா என்று அழைக்கப்படும் தெற்காசியத் தடையற்ற வணிகப் பகுதி ஒப்பந்தத்தின் வழியே வந்தால் 8. அதே இலங்கையிலிருந்து, இரு நாடுகளும் தமக்குள் செய்துகொண்ட தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் வழியே வந்தால் ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லை. வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கை மிளகு என்று பெயர் மாற்றிக்கொண்டு கொச்சிக்கு வருகிறது என்ற புகார் வயநாட்டிலும் குடகிலும் ஏன் ஓயாமல் எழுகிறது என்பதற்கு இந்த நான்கு எண்களே விளக்கம்.

பிராந்திய ஒருங்கிணைப்பு, நாடுகடந்த சட்டம் ஆகிய சொற்களைப் பாடப்புத்தகத்தில் பார்க்கும் மாணவருக்கு அவை பிரஸ்ஸல்ஸ் நகரத்துச் சங்கதிகளாகத் தோன்றும். எர்ணாகுளத்தில் இருந்துகொண்டு அவற்றைப் படிக்க விரும்புபவருக்கு இந்த மிளகு மூட்டையைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் முடிவு. இப்போது இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் இணையத்தில்தான் கிடைக்கின்றன. ஆனால் எங்கே கிடைக்கின்றன, எந்த வடிவில், எந்த மொழியில் என்று தேடிப்போனால் தேடல் வெறும் நூலக வேலையாக நிற்பதில்லை. ஒரு சட்ட ஒழுங்கு தன் ஆவணங்களை எங்கே வைத்திருக்கிறது என்பதிலேயே அது யாருக்காக இயங்குகிறது என்பது தெரிந்துவிடுகிறது.

ஒரே முகவரி

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து தொடங்குவோம், அங்கே வேலை எளிது என்பதால். ஒன்றியத்தின் ஒப்பந்தங்கள், ஒழுங்குமுறைகள், கட்டளைகள், நீதிமன்றத் தீர்ப்புகள் அனைத்தும் யூர்-லெக்ஸ் என்னும் ஒரே தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 24 ஆட்சிமொழிகள். ஒவ்வோர் ஆவணத்துக்கும் செலெக்ஸ் எண் என்றொரு அடையாளம் உண்டு. அதன் இலக்கணம் தெரிந்துவிட்டால் தேடுபொறியே வேண்டாம். முதல் இலக்கம் ஆவணத்தின் வகை: 3 என்றால் ஒன்றியம் இயற்றிய சட்டம், 6 என்றால் தீர்ப்பு. அடுத்து ஆண்டு, பிறகு ஆவண வகையைக் குறிக்கும் எழுத்துகள், கடைசியில் வரிசை எண். 6, 1962, சிஜே, 0026 ஆகியவற்றை இடைவெளியின்றி ரோமன் எழுத்தில் அடித்தால் வான் கெண்ட் அண்ட் லூஸ் வழக்கின் தீர்ப்பு திறக்கும்.

அந்த வழக்கு ஒரு சுங்க வழக்கு என்பதைச் சட்ட மாணவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். 1960 செப்டம்பரில் ஒரு டச்சு நிறுவனம் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு வேதிப்பொருளை இறக்குமதி செய்தது. பொருளை வேறு வரித்தலைப்பின்கீழ் மாற்றி வகைப்படுத்தியதால் 3 விழுக்காடாக இருந்த வரி 8 விழுக்காடானது. உறுப்பு நாடுகள் தமக்கிடையே வரியை உயர்த்தக் கூடாது என்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக ஒப்பந்தத்தின் 12ஆம் உறுப்பு சொல்கிறதே என்று நிறுவனம் கேட்டது. ஒப்பந்தம் நாடுகளுக்கிடையே ஆனது, வியாபாரி அதைக் கையில் எடுக்க முடியாது என்று அரசுகள் வாதிட்டன. 1963 பிப்ரவரி 5 அன்று லக்சம்பர்க்கில் உள்ள நீதிமன்றம் வியாபாரியின் பக்கம் நின்றது. அந்த ஒப்பந்தம் தனிமனிதருக்கும் உரிமைகளைத் தந்திருக்கிறது, அவற்றை உள்நாட்டு நீதிமன்றங்கள் காக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு கோஸ்டா வழக்கில், உள்நாட்டுச் சட்டத்தோடு மோதும்போது சமூகச் சட்டமே மேலோங்கும் என்று அதே நீதிமன்றம் அறிவித்தது. நாடுகடந்த சட்டம் என்று நாம் சொல்வதன் உயிர்நாடி இந்த இரண்டு தீர்ப்புகளில் இருக்கிறது.

இவற்றைவிட என்னை அதிகம் பாதித்தது, பாடத்திட்டங்களில் அவ்வளவாக இடம்பெறாத இன்னொரு தீர்ப்பு. செக் குடியரசில் ஸ்கோமா-லக்ஸ் என்னும் ஒயின் இறக்குமதி நிறுவனத்துக்குச் சுங்க அதிகாரிகள் அபராதம் விதித்தார்கள். அந்நாடு 2004 மே 1 அன்று ஒன்றியத்தில் சேர்ந்தது. அபராதத்துக்கு அடிப்படையான ஒன்றிய விதிமுறைகள் அப்போது ஒன்றியத்தின் அரசிதழில் செக் மொழியில் வெளியாகியிருக்கவில்லை. இணையத்தில் செக் வடிவம் கிடைத்ததே, இறக்குமதித் தொழிலில் இருப்பவர் பார்த்திருக்கலாமே என்பது அரசுத் தரப்பு. 2007 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை: ஒரு நாட்டின் மொழியில் முறைப்படி வெளியிடப்படாத விதியை அந்நாட்டுக் குடிமகன்மீது சுமத்த முடியாது. இணையத்தில் ஓரிடத்தில் கிடைத்தது வெளியீடாகாது. பிறகு ஒன்றியம் தன் சட்டத்தையே மாற்றி, 2013 ஜூலை 1 முதல் மின்னணு அரசிதழையே அதிகாரபூர்வ வடிவம் ஆக்கியது. யூர்-லெக்ஸ் தளம் இவ்வளவு ஒழுங்காக இருப்பதைத் தொழில்நுட்பத் திறமை என்று மட்டும் பார்ப்பது போதாது. சட்டம் வியாபாரியை நேரடியாகக் கட்டுகிறது. கட்டுவதானால் அவன் மொழியில், அவன் கண்ணுக்குப் படும் இடத்தில் இருந்தாக வேண்டும். அந்தக் கடமைதான் தளமாக உருவெடுத்திருக்கிறது.

கொச்சியிலிருந்து ராட்டர்டாமுக்கும் ஹாம்பர்க்குக்கும் மிளகு அனுப்புபவருக்கு இந்தத் தளம் அன்றாடத் தேவை. உணவுப் பொருள்களில் பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதை 2005ஆம் ஆண்டின் 396ஆம் ஒழுங்குமுறை நிர்ணயிக்கிறது. ஒரு மருந்துக்குத் தனி வரம்பு குறிப்பிடப்படாவிட்டால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பதே வரம்பு. இடுக்கியில் ஒரு கொடிக்கு அடிக்கும் மருந்தின் அளவை, அந்த விவசாயி கேள்விப்பட்டேயிராத ஒரு சட்டம் ஆள்கிறது. ஒன்று எச்சரிக்க வேண்டும். யூர்-லெக்ஸில் திருத்தங்களையெல்லாம் சேர்த்துத் தொகுத்த வடிவம் படிக்க வசதியானது. ஆனால் அதற்குச் சட்ட மதிப்பு இல்லை. அரசிதழில் வெளியான மூலமும் திருத்தங்களுமே சட்டம். எல்லையில் எந்த நாட்டுச் சரக்கு எதற்காகத் தடுக்கப்பட்டது என்பதை, 1979 முதல் இயங்கும் உணவு அபாய விரைவு எச்சரிக்கை முறையான ராஸ்ஃப் பதிவுகளில் யாரும் பார்க்கலாம். சட்டத்தை மட்டும் படித்தவருக்குத் தெரியாத நடைமுறை அங்கேதான் தெரியும்.

சிதறிக் கிடப்பது

இனி அதே மூட்டையை எதிர்த்திசையில், கொழும்பிலிருந்து வல்லார்பாடம் முனையத்துக்குக் கொண்டுவருவோம்.

நானும் பலரையும்போல ஒப்பந்த வாசகத்தில்தான் தொடங்கினேன். இந்திய–இலங்கை ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சாஃப்டா 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் கையெழுத்தாகி, 2006 ஜனவரி 1 முதல். ஆசியான்–இந்தியா சரக்கு வணிக ஒப்பந்தம் 2009 ஆகஸ்டில் பாங்காக்கில் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல். மூன்றின் வாசகங்களும் இந்திய வணிகத் துறையின் தளத்திலும், உலக வணிக அமைப்பின் பிராந்திய ஒப்பந்தத் தரவுத்தளத்திலும் கிடைக்கும். வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தத் தரவுத்தளமும் உண்டு. படித்து முடித்துவிட்டு, நாளை வரும் சரக்குக்கு என்ன வரி என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. வரி அங்கே இல்லை. அது சுங்கச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு வெளியிடும் அறிவிக்கைகளில் இருக்கிறது: இலங்கை ஒப்பந்தத்துக்கு 2000ஆம் ஆண்டின் 26ஆம் சுங்க அறிவிக்கை, ஆசியானுக்கு 2011ஆம் ஆண்டின் 46ஆம் அறிவிக்கை, அவற்றின் மீது வந்த திருத்தங்கள், திருத்தங்களின் மீது வந்த திருத்தங்கள். கொச்சித் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டுகள் ஒப்பந்தப் பெயரைச் சொல்லிப் பேசுவதைவிட இந்த எண்களைச் சொல்லிப் பேசுவதே இயல்பு. அவர்களுக்குத் தெரிந்த உண்மை எனக்குப் புரியச் சில ஆண்டுகள் பிடித்தன.

ஏன் இப்படி? அதற்கான விடையும் எர்ணாகுளத்திலிருந்து கிளம்பிய ஒரு வழக்கில் இருக்கிறது. கொச்சியில் பேங்க் ஆஃப் கொச்சின் என்றொரு வங்கி இருந்தது. 1985இல் அது பாரத ஸ்டேட் வங்கியோடு இணைக்கப்பட்டது. அந்த வங்கிக்குக் கடன்பட்டவர்களைத் தீர்ப்பு நிறைவேற்றத்தின் பகுதியாகச் சிறையில் அடைக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பேங்க் ஆஃப் கொச்சின், 1980 பிப்ரவரி 4. தீர்ப்பை எழுதியவர், கேரளத்தின் முதல் அமைச்சரவையில் இருந்தவரும் கொச்சியில் வாழ்ந்து மறைந்தவருமான நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். ஒப்பந்தக் கடனைத் திருப்பித்தர இயலாத ஒரே காரணத்துக்காக எவரையும் சிறையிடலாகாது என்று குடிமை அரசியல் உரிமைகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் 11ஆம் உறுப்பு சொல்கிறது. 1979இல் இந்தியா அதை ஏற்றிருந்தது. கிருஷ்ணய்யர் கடனாளியின் பக்கம் சாய்ந்தார். ஏழ்மை குற்றமல்ல என்பதை அரசமைப்பின் 21ஆம் உறுப்பைக் கொண்டும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பொருள் சொல்வதன் மூலமும் நிலைநாட்டினார். ஆனால் பன்னாட்டு உடன்படிக்கை தானாகவே இந்தியச் சட்டம் ஆகிவிடாது, அதை உள்நாட்டுச் சட்டமாக்கினால்தான் நீதிமன்றம் செயற்படுத்தும் என்பதையும் தெளிவாகச் சொன்னார்.

வான் கெண்ட் அண்ட் லூஸ் தீர்ப்பையும் இதையும் அடுத்தடுத்து ஒரே நாளில் படிப்பது நல்லது. அங்கே வியாபாரி ஒப்பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நீதிமன்றத்துக்குள் நுழையலாம். இங்கே அவன் கையில் இருக்க வேண்டியது அறிவிக்கை. 1997இல் விசாகா வழக்குக்குப் பிறகு, உள்நாட்டுச் சட்டம் மௌனமாக இருக்கும் இடங்களில் பன்னாட்டு உடன்படிக்கைகளுக்கு நம் நீதிமன்றங்கள் கூடுதல் இடம் தந்திருக்கின்றன என்பது உண்மை. வரி விகிதத்தில் அந்தத் தளர்வு உதவாது.

சாஃப்டாவுக்குத் தாயான சார்க் அமைப்பின் சாசனமே, எல்லாம் அரசுகளுக்குள்ளேயே நிற்பதைத்தான் விரும்பியது. 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் ஏற்கப்பட்ட அந்தச் சாசனத்தின் 10ஆம் உறுப்பு இரண்டே விஷயங்களைச் சொல்கிறது: எல்லா முடிவுகளும் ஒருமனதாக இருக்க வேண்டும், இருதரப்புச் சிக்கல்களும் சர்ச்சைக்குரியவையும் பேசப்படாது. சாஃப்டாவில் தகராறு எழுந்தால் 20ஆம் உறுப்பின்படி உறுப்பு நாடுகள் வல்லுநர் குழுவிடம் போகலாம், அங்கிருந்து அமைச்சர்கள் மன்றத்துக்குப் போகலாம். வியாபாரிக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை. 2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்ததற்குப் பிறகு உச்சி மாநாடே கூடவில்லை. காத்மாண்டுத் தலைமைச் செயலகத்தின் தளத்தில் ஒப்பந்தங்களும் அறிக்கைகளும் உண்டு. தீர்ப்புத் தொகுதி என்று ஒன்று இல்லை, தீர்ப்பு சொல்ல நீதிமன்றம் இல்லாததால். நூலகத்தில் ஒரு அலமாரி வெறுமையாக இருப்பதும் ஆய்வாளருக்குத் தரவுதான்.

அரைத்தாலும் அதே மிளகு

இந்தச் சிதறலுக்குள் சட்டம் எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்பதை மூல விதிகளில் பார்க்கலாம். ஒரு பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்று தீர்மானிக்கும் விதிகள் இவை. இலங்கை மண்ணில் விளைந்து அறுவடையான மிளகு முழுக்கவே இலங்கைப் பொருள்; அதில் கேள்வி இல்லை. வெளிநாட்டு மூலப்பொருளை இலங்கையில் பதப்படுத்தி அனுப்பினால்? இரண்டு தேர்வுகளில் தேற வேண்டும். வெளியிலிருந்து வந்த பொருளின் மதிப்பு ஏற்றுமதி விலையில் 65 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கூடவே, முடிந்த பொருள் உலகச் சுங்க வகைப்பாட்டில் வேறொரு நான்கிலக்கத் தலைப்புக்கு மாறியிருக்க வேண்டும்.

மிளகின் நான்கிலக்கத் தலைப்பு 0904. முழு மிளகு 0904 11. பொடித்தது, அரைத்தது 0904 12. ஆறு இலக்கத்தில் மாற்றம் உண்டு, நான்கில் இல்லை. ஆகவே வியட்நாம் மிளகைக் கொழும்பு ஆலையில் எவ்வளவு செலவழித்து மாவாக அரைத்தாலும் அது இலங்கை மிளகு ஆகாது. அதிலிருந்து ஓலியோரெசின் என்னும் பிசின்சாற்றை எடுத்தால் தலைப்பு 3301க்குப் போய்விடும். அப்போது மதிப்புக் கணக்கை மட்டும் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பு, உலகச் சுங்க அமைப்பின் வகைப்பாடு, இந்திய அறிவிக்கை ஆகிய மூன்றையும் மூன்று தளங்களில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இந்த விடை கிடைக்கும். எந்த ஒன்றிலும் அது முழுதாக எழுதப்படவில்லை. எனக்கு இந்தத் துறையில் ஆர்வம் ஊன்றியது இப்படிப்பட்ட ஒரு மாலையில்தான்: ஒரு மசாலாப் பொருள் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பது வகைப்பாட்டின் நான்காம் இலக்கத்தில் நிற்கிறது என்று கண்டபோது.

அரசு வேறு வழிகளிலும் கதவை அடைத்தது. 2017 டிசம்பர் 6 அன்று வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலையாகக் கிலோவுக்கு 500 ரூபாய் நிர்ணயித்தது. இது சுங்க அறிவிக்கை அல்ல. 1992ஆம் ஆண்டின் வெளிநாட்டு வணிகச் சட்டத்தின்கீழ் வந்தது, வேறு தளத்தில் இருப்பது. ஒப்பந்தத்தில் வரி சுழியம் என்று படித்தவர் இந்த இரண்டாம் தளத்தைப் பார்க்காவிட்டால் பாதி உண்மையோடு நின்றுவிடுவார். மூன்றாவதாக, 2020 செப்டம்பர் 21 முதல் வணிக ஒப்பந்த மூல விதிகளை நிர்வகிக்கும் புதிய சுங்க விதிகள் வந்தன. சுருக்கமாகக் காரோடார். வெளிநாட்டு அதிகாரி தந்த மூலச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்ற காலம் அதோடு முடிந்தது. பொருள் அங்கே எப்படி விளைந்தது, எப்படித் தயாரானது என்ற தகவலை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டுகள் காத்து வைக்க வேண்டும். ஆய்வாளர் செய்யும் வேலையைச் சட்டம் மட்டாஞ்சேரி வியாபாரியின் தலையில் வைத்துவிட்டது.

இதில் கேரளத்துக்கு என்ன குரல் இருந்தது? அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 14ஆம் பதிவு, வெளிநாடுகளோடு ஒப்பந்தம் செய்வதும் நிறைவேற்றுவதும். மாநிலப் பட்டியலின் 14ஆம் பதிவு, வேளாண்மை. ஒரே எண்ணில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும் இந்த இரண்டு பதிவுகளுக்கு நடுவில்தான் மிளகுக் கொடி படர்கிறது. 253ஆம் உறுப்பு, ஒப்பந்தத்தை நிறைவேற்ற எந்தப் பொருளிலும் சட்டமியற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 2009 அக்டோபர் 2 அன்று ஆசியான் ஒப்பந்தத்துக்கு எதிராக இடது ஜனநாயக முன்னணி காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி கோத்தது. வரிக் குறைப்புப் பட்டியல்கள் கையெழுத்துக்கு முன் மாநிலத்தோடு பகிரப்படவில்லை என்பது அன்றைய குறைகளுள் ஒன்று. அந்தப் பட்டியலில் காப்பி, தேயிலை, பாமாயிலோடு மிளகும் சிறப்புப் பொருளாக வைக்கப்பட்டு, பத்தாண்டுகளில் 70 விழுக்காட்டிலிருந்து 50க்கு மெல்ல இறங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்த ஏற்பாட்டை முன்கூட்டியே படித்து விவாதிக்க வாய்ப்பு இருந்திருந்தால் எதிர்ப்பு இருந்திருக்கும்தான். அது எண்களோடு இருந்திருக்கும். கேரளத்திலேயே கருத்து ஒன்றல்ல. எண்ணெய்ச் சத்து கூடிய இலங்கை மிளகைச் சாறெடுக்கும் ஆலைகள் விரும்புகின்றன; விளைவிப்பவர் அதே மிளகைக் கண்டு அஞ்சுகிறார். இருவரும் ஒரே மாவட்டத்தில் இருக்கலாம்.

20 மணி 46 நிமிடம் 58 நொடி

2019 பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதலுக்கு இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 16 மாலை, பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாப் பொருள்களுக்கும் 200 விழுக்காடு வரி விதித்து இந்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. சாஃப்டாவின் வாசகத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அன்றைய பகலிலேயே அட்டாரி எல்லைச் சாவடிக்குச் சரக்கு வந்து, பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதிப் பத்திரமும் தாக்கல் ஆகியிருந்தது. அந்தச் சரக்கின் இறக்குமதியாளர்களுக்குப் பழைய வரியா, புதியதா? ஜி. எஸ். சத்தா ரைஸ் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பர் 23 அன்று விடை சொன்னது. 2015 அக்டோபர் முதல் இந்திய அரசிதழ் அச்சிடப்படுவதில்லை, மின்வடிவம் மட்டுமே. எனவே அறிவிக்கை மின் அரசிதழில் ஏறிய நொடியே அது பிறந்த நொடி. பதிவின்படி அது 20 மணி 46 நிமிடம் 58 நொடி. அதற்கு முன் தாக்கல் செய்தவருக்குப் பழைய வரி.

இதன் வேர் பழையது. 1951இல் ஹர்லா எதிர் ராஜஸ்தான் வழக்கில், மக்களுக்கு அறிவிக்கப்படாத சட்டத்தின்கீழ் ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஜெய்ப்பூர் சமஸ்தான அமைச்சரவை நிறைவேற்றிவிட்டு எங்கும் வெளியிடாமல் வைத்திருந்த அபின் சட்டம் பற்றிய வழக்கு அது. ஹர்லாவிலிருந்து சத்தா வரை வரும் கோடும், செக் ஒயின் வியாபாரியின் வழக்கும் தொலைவில் ஒன்றையொன்று தொடுகின்றன. சட்டம் அரசின் மேசையில் இருந்தால் போதாது, கட்டுப்படுபவன் காணும்படி வெளியே வர வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்று. ஐரோப்பா இதற்கு மேலும் ஓரடி வைத்தது: அவன் மொழியில்.

ஆகவே இத்துறையில் இறங்கும் மாணவருக்கு நான் சொல்வது: ஒப்பந்தத்தின் பெயரில் தொடங்க வேண்டாம், ஒரு பொருளின் வரித்தலைப்பில் தொடங்குங்கள். 0904 என்று எடுத்துக்கொண்டு மறைமுக வரிகள், சுங்க வாரியத்தின் அறிவிக்கைகளுக்குப் போங்கள். அங்கிருந்து வணிக இயக்ககத்தின் இறக்குமதிக் கொள்கைக்கு. பிறகு மின் அரசிதழில் தேதியையும் நேரத்தையும் சரிபாருங்கள். ஒப்பந்தம் கடைசியில் வரட்டும். தரம் பற்றிய பகுதிக்கு வெளியூர் போகவே வேண்டாம். பன்னாட்டு உணவுத் தரநிலைகளை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பில், நறுமணப் பொருள்களுக்கான குழுவின் முதல் அமர்வு 2014 பிப்ரவரியில் கொச்சியில்தான் நடந்தது. அதை நடத்தும் நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமையகமும் இங்கே இருக்கிறது. அந்தக் குழுவின் உழைப்பில் 2017இல் மிளகுக்கு வந்த 326ஆம் கோடெக்ஸ் தரநிலையும் அதற்கு முன் நடந்த விவாத அறிக்கைகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நாடுகள் ஒரு சொல்லுக்காக எப்படி மல்லுக்கட்டுகின்றன என்று அவற்றில் பார்க்கலாம்.

ஒப்பிட்டுப் படிக்க விரும்புபவருக்குச் சில வாசல்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஐரோப்பிய ஒருங்கிணைப்பு ஆவணக் காப்பகம், யூர்-லெக்ஸில் இல்லாத பழைய கொள்கைத் தாள்களை வைத்திருக்கிறது. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உள்ள கரீபியன் நீதிமன்றத்தின் தீர்ப்புகள், சிறு நாடுகளும் தமக்கு மேலே ஒரு நீதிமன்றத்தை ஏற்க முடியும் என்பதற்குச் சாட்சி. தெற்காசியாவைப் பற்றி யோசிப்பவர் பிரஸ்ஸல்ஸைவிட அதைப் படிப்பது பயனுள்ளது என்பது என் எண்ணம். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் தொடங்கிய வேர்ல்ட்லீ, ஆசிய நாடுகளின் தீர்ப்புகளை ஒரே இடத்தில் தேட உதவும். இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா.

இன்னும் பின்னோக்கிப் போக ஆசைப்படுபவருக்குக் கொச்சியே புதையல். 1663இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்த கையோடு அரசரோடு மிளகு உடன்படிக்கை செய்துகொண்டார்கள்; வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது சாரம். அவர்களுடைய கொச்சி அலுவலக ஆவணங்கள் இன்று எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஹேக் நகரில் உள்ள டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களின் ஏறத்தாழ 50 லட்சம் படிமங்களைக் கணினி மூலம் எழுத்தாக்கித் தேடத்தக்கதாக மாற்றும் குளோபலைஸ் என்னும் டச்சுத் திட்டமும் நடக்கிறது. அங்கே பழைய டச்சு எழுத்துக்கூட்டலில் மிளகைத் தேடினால் மட்டாஞ்சேரி வந்து நிற்கும்.

கடைசியாக மொழி. நம் அரசமைப்பின் 348ஆம் உறுப்பு, சட்டங்களுக்கும் அவற்றின்கீழ் வரும் விதிகளுக்கும் ஆணைகளுக்கும் ஆங்கில வாசகமே அதிகாரபூர்வமானது என்கிறது. மத்தியச் சட்டங்களுக்கு மாநில மொழிகளில் அதிகாரபூர்வ வாசகம் வெளியிட 1973இல் ஒரு சட்டம் வழிசெய்தது. சில சட்டங்கள் அப்படி வந்தும் இருக்கின்றன. மிளகுக்கு இன்று என்ன வரி என்று சொல்லும் அறிவிக்கை இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது. மட்டாஞ்சேரியின் தெருக்களில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ், கச்சி எல்லாம் காதில் விழும். இவற்றுள் எதிலும் அந்தத் தாள் இல்லை. ஐந்து லட்சம் பேரே பேசும் மால்டீஸ் மொழியில் ஒன்றியத்தின் பூச்சிமருந்து வரம்புகள் இருக்கின்றன.

இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் மறுமுனையில் நிலைமை வேறு. எல்லாச் சட்டங்களும் துணைநிலைச் சட்டங்களும் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கி வெளியிடப்பட வேண்டும், ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு தரப்பட வேண்டும் என்பது இலங்கை அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு. கொழும்பு அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் வர்த்தமானிகள் மும்மொழியிலும் வெளியாகின்றன. நாம் அரசிதழ் என்பதை அங்கே வர்த்தமானி என்பார்கள், சுங்க அறிவிக்கையை அறிவித்தல் என்பார்கள். ஓரிரு நாளில் கண் பழகிவிடும். கொச்சியில் இருந்துகொண்டு அந்த மிளகு மூட்டையின் சட்டத்தைத் தமிழில் படிக்க விரும்பும் ஒருவர், அது கப்பலேறிய கரையின் பக்கத்தைத்தான் இப்போதைக்குப் படிக்க முடியும்.